கோட்டை வாசலில் நாலு பாஸ்போர்ட்

1

போன வாரம் என் பழைய பாஸ்போர்ட் மூலை வெட்டப்பட்டுத் தபாலில் திரும்பி வந்தது. பத்து வருஷக் கெடு முடிந்ததால் புதியது ஒன்றைக் கொடுத்து, பழையதின் அட்டையைக் கத்தரியால் நறுக்கி, ரத்து என்று முத்திரையும் குத்தியிருந்தார்கள். அதில் ஒட்டியிருக்கும் படத்தில் எனக்குத் தலைமுடி இருக்கிறது, முகத்தில் நம்பிக்கையும் இருக்கிறது. இரண்டுமே இந்த ஊர்க் குளிருக்குத் தாங்கவில்லை.

புரட்டிக்கொண்டே வந்தவன் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன். பிரான்ஸ் நாட்டு விசா, ஒரே ஒரு முறை நுழைவதற்கு. மூன்று கோடைக்கு முந்தையது, 1991. பார்த்ததும் புத்தகத்தைப் பட்டென்று மூடிவிட்டேன். ஆவடியிலும் அம்பத்தூரிலும் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து இதைப் படிக்கப் போகிற நீங்கள், ஊர் சுற்றிப் பார்க்கப் போனவனுக்கு அப்படி என்ன பயம் என்று கேட்பீர்கள். நியாயம்தான். நானும் புறப்படும்போது அப்படித்தான் நினைத்தேன்.

2

நான் இருப்பது ஜெர்மனியில், ரைன் நதியோரம் ஒரு சின்ன ஊர். பிரான்ஸ் எல்லை எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம். என் பக்கத்து வீட்டுக்காரர் ஞாயிறு காலையில் ரொட்டி வாங்க அந்த நாட்டுக்குப் போய், ரொட்டி ஆறுவதற்குள் வந்துவிடுவார். அதே ரொட்டிக்கு எனக்கு விசா வேண்டும். விசாவுக்கு விடியலில் வரிசை. சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், வங்கிக் கடிதம், கல்யாணச் சான்றிதழ் எல்லாம் எடுத்துப் போனேன். எதற்கும் இருக்கட்டும் என்று ஞானஸ்நானச் சான்றிதழையும் வைத்தேன். கவுண்டரில் இருந்த அம்மாள் அதை மட்டும் இரண்டு விரலால் திருப்பித் தள்ளினாள்.

பயணம் லூர்து மாதா கோயிலுக்கு. என் மனைவி ஸ்டெல்லா கத்தோலிக்கப் பெண், பூந்தமல்லிக்காரி. நான் புராட்டஸ்டன்ட். எங்கள் கல்யாணத்தின்போது இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடி, மாதாவை ஸ்டெல்லாவும் வண்டியோட்டுவதை நானும் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். கூட எங்கள் மகள் ஷீபா, பதினொரு வயது. ஆவடியில் பிறந்து, மூன்று வயதில் இங்கே வந்தவள். அப்புறம் தாஸ்.

தாஸ் என்னோடு ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். அவன் அப்பாவும் என் அப்பாவும் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். என் அப்பா உள்ளே லேத்தில், அவன் அப்பா வெளியே கேட்டில், காக்கி உடுப்பில். இப்போது தாஸும் நானும் ஒரே ஜெர்மன் பட்டறையில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் நிற்கிறோம். தமிழ்நாட்டின் எட்டு ஜில்லாக்காரர்கள் வாழ்ந்த குவார்ட்டர்ஸில் என் வீட்டில் திருநெல்வேலித் தமிழ், அவன் வீட்டில் தஞ்சாவூர்த் தமிழ். ஆனால் அவன் வாயில் வந்தது முழுக்கப் பக்கத்திலிருந்த நெமிலிச்சேரி ரயில்வே ஸ்டேஷன் தமிழ். பதிமூன்று வருஷ ஜெர்மனியால் அதன் மேல் ஒரு கீறல்கூடப் போட முடியவில்லை.

3

லூர்துக்கு முன்னால் ஒரு பழைய நகரம் வருகிறது, கார்கசோன். குன்றின் மேல் இரட்டை மதில் போட்டு, கூம்புத் தொப்பி வைத்த கோபுரங்களோடு நிற்கிற கோட்டை நகரம். நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும். "இதைப் பார்க்காமப் போனா ஆண்டவரே மன்னிக்க மாட்டாரு" என்று நான்தான் வண்டியைத் திருப்பினேன். புத்தகம் படிக்கிற வியாதி உள்ளவர்கள் குடும்பத்தைச் சிக்கலில் மாட்டிவிடுவது எப்போதும் இப்படித்தான்.

காலை பதினோரு மணி. கீழே வண்டியை விட்டுவிட்டு ஏறினோம். பெரிய வாசல், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உருண்டைக் கோபுரம், அகழி மேல் பாலம். தாஸ் அண்ணாந்து பார்த்தான்.

"மச்சான், இன்னாடா இது, நம்ம ஃபேக்டரி செவுரு மாதிரியே கீது!"

"ஃபேக்டரி செவுத்துக்கு எழுநூறு வயசு ஆகலைடா."

"போட்டோ புடிக்கலாமா? போர்டு எதுனா போட்டுக்கீறானா பாரு."

அவன் கேட்டது தமாஷுக்கு இல்லை. குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு உயரமான மதிலைக் கண்டால் கேமராவை ஒளித்துக்கொள்ளும் பழக்கம் ரத்தத்தில் இருக்கிறது. நானும் தோளில் தொங்கிய கேமராவை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டேன். பூந்தமல்லிக்காரிக்கு அந்த வியாதி இல்லை. என் தோளிலிருந்து கேமராவைப் பிடுங்கிக்கொண்டு, ஷீபாவைப் பாலத்துச் சுவரோரம் நிற்கவைத்துப் படம் எடுக்கப் போய்விட்டாள்.

அந்த ஐந்து நிமிஷத்தில்தான் நடந்தது.

வாசல் வளைவுக்குள் ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் ஒரு பெரியவர். கருநீலக் கோட்டு, பித்தளைப் பொத்தான், விளிம்பு வைத்த தொப்பி. மேஜை மேல் ஒரு பலகை, பலகையில் ஒரு அடையாள அட்டையின் படம், பக்கத்தில் ஏதோ ஃபிரெஞ்சு எழுத்து. அவர் வாயைத் திறந்து எங்களை ஒன்றும் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்காது.

வாசல், மேஜை, உடுப்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு குவார்ட்டர்ஸ்காரனின் கை தானாக வேலை செய்யும். உள்ளே போகும்போது பாஸைக் கொடுக்க வேண்டும், வெளியே வரும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தொழிற்சாலைக் குடும்பங்களெல்லாம் பஸ் பிடித்துச் செஞ்சிக்கோட்டை பார்க்கப் போனோம். அங்கே டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவரிடம் எங்கள் அப்பாக்கள் நாற்பது பேரும் வரிசையாகத் தொழிற்சாலைப் பாஸை நீட்டினார்கள். அந்த மனிதர் முதல் பாஸை வாங்கி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "இது எதுக்கு சார்? டிக்கெட்டுக்குக் காசு குடுங்க, போதும்" என்றார். நாற்பது பேருக்கும் முகம் செத்துவிட்டது. இந்தியாவில் எழுநூறு வருஷக் கோட்டைக்குள் பாஸ் இல்லாமல் விடுகிறானே, என்ன பாதுகாப்பு இது என்று திரும்பி வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்கள்.

என் இடுப்புப் பையில்தான் நாலு பாஸ்போர்ட்டும் இருந்தன. எடுத்தேன். மேஜை மேல் வைத்தேன். தாஸ் விறைப்பாக நின்று ஒரு சல்யூட் மாதிரி கையைத் தூக்கினான். பெரியவர் எங்களைப் பார்த்தார், பாஸ்போர்ட்டுகளைப் பார்த்தார், குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து காதில் மாட்டும் ஏதோ கருவியை எடுத்து நீட்டினார். விற்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"வேணாம் சார், வேணாம்," என்று தமிழிலேயே சொல்லி, கும்பிடு போட்டு, நடந்தோம். பின்னாலிருந்து கூப்பிட்டார். "திரும்பாதேடா, திரும்பினா தலைல கட்டிடுவான்," என்றான் தாஸ்.

4

படம் எடுத்து முடித்து ஸ்டெல்லாவும் ஷீபாவும் பின்னாலேயே வந்து சேர்ந்துகொண்டார்கள். உள்ளே நன்றாகத்தான் இருந்தது. கல் பாவிய சந்து, மர உத்தரம் வைத்த வீடுகள், வாள் விற்கும் கடைகள். ஒரு மணி நேரம் நான் வரலாறு சொன்னேன், மூன்று பேரும் கேட்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு ஷீபாவுக்குப் பசித்தது. சாப்பிடுவதற்கு முன்னால் பயணிகள் காசோலையை மாற்ற ஒரு கவுண்டருக்குப் போனோம். உள்ளே இருந்த பெண் "பாஸ்போர்ட்" என்றாள். அது எல்லா மொழியிலும் ஒன்றுதான்.

"பாஸ்போர்ட் கேக்கறா பாருங்க," என்றாள் ஸ்டெல்லா.

"கேட்டுல இருக்கு."

"எந்தக் கேட்டுல?"

"வந்த கேட்டுலதான். குடுத்துட்டு வந்தோம்."

"யார்கிட்ட?"

"கேட்டுல இருந்தவர்கிட்ட."

"அவரு யாரு?"

தாஸைப் பார்த்தேன்.

"யூனிஃபார்ம் போட்டுகினு இருந்தாரு சிஸ்டர்," என்றான் அவன். "யூனிஃபார்ம் போட்டவன் ஏமாத்த மாட்டான்."

ஸ்டெல்லாவின் அப்பா பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் டெய்லர். போலீஸ், கண்டக்டர், காவலாளி, பேண்டு மேளம் எல்லாருக்கும் தைத்தவர். அவளிடம் போய் இவன் இதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

"ஏன்ணே, யூனிஃபார்ம்னா வானத்துலேர்ந்து எறங்கி வருதா? எங்க ஊட்ல மெஷின் மேல எப்பவும் நாலு தொங்கினு இருக்கும். அளவு குடுத்து, தையக்கூலி குடுத்தா கவர்னர் உடுப்பே தச்சுக் குடுப்பாரு எங்கப்பா. துணியப் பாத்தா பாஸ்போர்ட்ட குடுத்தீங்க? ரெண்டு பேரும்? ஒருத்தருக்குக் கூடவா தோணல?"

"ரூல்ஸுனு நெனச்சோம் சிஸ்டர்."

"யாரு ரூல்ஸு? சுத்திப் பாருங்க, இத்தினி பேரு போறான் வர்றான். எவனாச்சும் குடுத்தானா?"

எவனும் கொடுக்கவில்லை. அதை நான் கவனிக்கவில்லை. ஓடினோம். பதற்றத்தில் எதிர்ப்புற வாசலுக்குப் போய்விட்டோம். அங்கே மேஜையே இல்லை, பள்ளத்தாக்குதான் இருந்தது. மறுபடி அந்தச் சந்துகள் வழியாக, ஐஸ்கிரீம் தின்கிற ஜனங்களை இடித்துக்கொண்டு, பெரிய வாசலுக்கு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை.

வளைவுக்குள் யாரும் இல்லை. மேஜை இல்லை. பலகை இல்லை. மேஜை இருந்த இடத்தில் ஒரு புறா நடந்துகொண்டிருந்தது.

5

பாஸ்போர்ட் போனால் போகிறது, இன்னொன்று வாங்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் நல்ல நாட்டில் பிறந்தவர்கள். ஜெர்மனியில் நான் இருக்கலாம் என்கிற அனுமதி அந்தப் புத்தகத்துக்குள் ஒட்டிய ஒரு தாள். பிரான்ஸில் நிற்கலாம் என்பது இன்னொரு தாள், அதுவும் இன்னும் ஒன்பது நாளைக்கு. இரண்டும் போனால் நான் எந்த நாட்டிலும் இல்லை. வேலையும் வீடும் அந்தப் பக்கம். பூட்டிய எல்லை நடுவில். நாலு பேர் ஒரு பாலத்தின் மேல். ஷீபா அடுத்த மாதம் பள்ளிக்கூடம் போக வேண்டும். அவளுக்குத் தெரிந்த ஒரே ஊர் அதுதான். ஆவடியை அவள் போட்டோவில் பார்த்திருக்கிறாள்.

நான் பாலத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு ஒன்பது வயதில் ஒருநாள் அப்பாவின் பாஸ் காணாமல் போயிற்று. காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது சட்டைப்பையில் இல்லை. வீட்டையே கவிழ்த்தோம். அம்மா அரிசி டின்னைத் தரையில் கொட்டினாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து முழங்கால் மேல் கையை வைத்திருந்தார். இரும்பைக் கடைகிற அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பாஸ் கடைசியில் வேதாகமத்துக்குள் இருந்தது, முந்தின ராத்திரி அடையாளத்துக்கு வைத்திருக்கிறார். எடுத்துக்கொண்டு ஓடினார். அன்றைக்கு நான் ஒன்றைக் கற்றுக்கொண்டேன்: மனுஷனைவிட அவன் அட்டை பெரியது. வேறு எதையும் நான் அவ்வளவு சீக்கிரம் கற்றதில்லை.

"போலீஸ்ல சொல்லலாம்," என்றாள் ஷீபா.

வாசலுக்கு எதிரே இருந்த சதுக்கத்தின் ஓரத்தில் நீலச் சட்டை போட்ட ஒரு போலீஸ்காரர் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

"வேணாம்," என்றேன்.

"ஏன்?"

"பாப்பா, போலீஸு மொதல்ல இன்னா கேப்பான்?" என்று தாஸ் விளக்கினான். "பாஸ்போர்ட் எங்கனு கேப்பான். இல்லேனு சொன்னா உள்ள தள்ளிருவான். நம்மள பாத்தா வெள்ளக்காரன் மாதிரியா கீது?"

"ஆனா நாம அதைத்தானே சொல்லப் போறோம். பாஸ்போர்ட் இல்லேன்னு."

"ஷீபா, சும்மா இரு," என்றாள் ஸ்டெல்லா. அவளும் பயந்துவிட்டாள் என்று அப்போதுதான் தெரிந்தது. உதடு முணுமுணுத்தது. லூர்து வரை காத்திருக்காமல் மாதாவிடம் அங்கேயே ஆரம்பித்துவிட்டாள்.

ஷீபா எழுந்து நடந்தாள். பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷமாக ஃபிரெஞ்சு படிக்கிறாள். போலீஸ்காரரை நோக்கி, ரொட்டிக்கடைக்குப் போகிற மாதிரி, கையை வீசிக்கொண்டு போகிறாள். நான் என்ன செய்தேன் என்று நானே பிற்பாடுதான் பார்த்தேன். பாய்ந்து போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "எங்கடி போறே?" என்று கத்தினேன். அந்தக் கல் வளைவில் அது மூன்று தரம் எதிரொலித்தது. அதுவரை என் குழந்தையை நான் டி போட்டுக் கூப்பிட்டது கிடையாது. ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் அழவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். தெருவில் வழி கேட்கிற ஆளைப் பார்ப்பதுபோல.

"அப்பா, நீ ஏன் பயப்படுறே? நாம என்ன தப்பு பண்ணோம்?"

அவள் தமிழில் நீங்கள் கிடையாது, எல்லோரும் நீதான். நான் வழக்கமாகத் திருத்துவேன். அன்று திருத்தவில்லை. பதில் யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். தப்பு ஒன்றும் கிடைக்கவில்லை, பயம் மட்டும் அப்படியே இருந்தது.

கை தானாக விட்டுவிட்டது. அவள் போனாள்.

போலீஸ்காரர் குனிந்து கேட்டார். எங்கள் பக்கம் பார்த்தார். தாஸ் எழுந்து அட்டென்ஷனில் நின்றான். "வர்றான் மச்சான், முடிஞ்சுது நம்ம கதை," என்றான். அவர் வரவில்லை. கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, இரண்டு விரலைத் தூக்கி, சிரித்து, ஷீபாவிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்களிடம் அட்டை கேட்கவே இல்லை.

"அந்தத் தாத்தா சாப்பிடப் போயிருக்காராம்," என்றாள் ஷீபா. "இங்க எல்லாரும் ரெண்டு மணி வரைக்கும் சாப்பிடுவாங்களாம். மேஜைய உள்ள வச்சுப் பூட்டிருவாராம்."

அவள் என்னிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னாள்.

6

ஒன்றரை மணி நேரம். என் வாழ்க்கையில் இவ்வளவு நீளமான மத்தியானம் இல்லை. ஷீபா சொன்னதை நம்பினேனா? இல்லை. அந்த நேரத்துக்குள் அவர் எல்லை தாண்டியிருப்பார், நாலு பாஸ்போர்ட்டிலும் வேறு படம் ஒட்டியிருப்பார், தாஸின் பெயரில் யாரோ ஒருவன் வங்கியைக் கொள்ளையடித்துக்கொண்டிருப்பான் என்று நிமிஷத்துக்கு ஒன்றாக மனம் காட்டிற்று. தாஸ், தன் பெயரில் கொள்ளையடிப்பவன் நிச்சயம் மாட்டிக்கொள்வான், அந்தப் பெயருக்கு அவ்வளவுதான் ராசி என்றான். யாரும் சிரிக்கவில்லை. யாரும் சாப்பிடவும் இல்லை, ஷீபாவைத் தவிர. அவள் பையிலிருந்த பிஸ்கட்டை எடுத்து, எங்களை விட்டுத் தள்ளி உட்கார்ந்து, நிதானமாகத் தின்றாள்.

இரண்டு மணிக்கு அவர் வந்தார். தூரத்திலேயே எங்களைக் கண்டுவிட்டார். கையிரண்டையும் வானத்துக்குத் தூக்கி, கத்திக்கொண்டே ஓடி வந்தார். கோட்டுக்குள் கையை விட்டு, மார்போடு இருந்த நாலு பாஸ்போர்ட்டையும் எடுத்தார். ஒவ்வொன்றாகத் திறந்து படத்தையும் முகத்தையும் பார்த்துக் கையில் வைத்தார். என்னுடையதை வாங்கும்போது எனக்குக் கை நடுங்கியது. அவருக்கும் நடுங்கியது.

அவர் மூச்சு விடாமல் பேசினார். ஷீபா துண்டு துண்டாகச் சொன்னாள். அவர் கேசட் கருவி வாடகைக்கு விடுகிறவர். காதில் மாட்டிக்கொண்டால் நகரத்தின் கதையை அது சொல்லும். அதற்கு ஈடாக ஒருவர் அட்டையை வாங்கி வைப்பார். கருவியையும் வாங்காமல், நாலு பேர் பாஸ்போர்ட்டையும் வைத்துவிட்டு, கும்பிடு போட்டுவிட்டு, கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் போனவர்களை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"நாம எல்லாரும் மதில்லேர்ந்து குதிக்கப் போறோம்னு நினைச்சாராம். சாப்பாடே எறங்கலையாம். ரெண்டு தடவை வெளிய வந்து கீழ எட்டிப் பார்த்தாராம்."

ஸ்டெல்லா அதற்குள் அவர் கோட்டை நெருங்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டெய்லர் மகளின் கண் பொத்தானில் நின்றது.

"இதுல ஊதுகொம்பு படம் போட்டிருக்கு," என்றாள். "ஷீபா, கேளு."

ஷீபா கேட்டாள். பெரியவர் நிமிர்ந்து நின்று பெருமையாகச் சொன்னார். ஊர் பேண்டு குழுவில் முப்பது வருஷம் ஊதியவராம். ஓய்வு பெற்றபோது உடுப்பை அவரிடமே விட்டுவிட்டார்களாம்.

"பேண்டுக்காரர்கிட்ட," என்றாள் ஸ்டெல்லா. என்னையும் தாஸையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் சேர்ந்து, குடும்பத்தையே ஒரு பேண்டுக்காரர்கிட்ட."

அவர் என் தோளைப் பிடித்து, முகத்துக்கு நேராக ஒன்று சொன்னார். கோபமாகத்தான் சொன்னார்.

"இதை இனிமே யார்கிட்டயும் குடுக்காதேன்றாரு," என்றாள் ஷீபா. கொஞ்சம் யோசித்து, "அவர்கிட்டயும்," என்று சேர்த்தாள்.

வண்டிக்கு இறங்கினோம். வெயிலில் அவள் முழங்கைக்கு மேலே என் நாலு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தது தெரிந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து அவள் சட்டைக்கையைக் கீழே இழுத்துவிட்டாள். மன்னிப்புக் கேட்க எனக்குத் தமிழில் வார்த்தை வரவில்லை. ஜெர்மனில் வந்தது, ஆனால் அது பஸ்ஸில் காலை மிதித்தால் சொல்கிற வார்த்தை. சொல்லவில்லை.

வண்டியைக் கிளப்பும்போது பின்சீட்டிலிருந்து கை நீண்டது.

"என்னோடதைக் குடு. நானே வச்சுக்கறேன்."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். தாஸ் ஜன்னலைப் பார்த்தான். இடுப்புப் பையைத் திறந்தேன். பதினொரு வயதுக் குழந்தையிடமா என்று ஆவடி முழுக்க என் காதில் கேட்டது. கொடுத்தேன். உடுப்பு இல்லாத ஒருவரிடம் அதைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

லூர்து போய்ச் சேர நாலு மணி நேரம். சோளக்காடு, சூரியகாந்திக் காடு, தூரத்தில் மலை. ஒன்றையும் நான் பார்க்கவில்லை. அரை மணிக்கு ஒருதரம் கேட்டுக்கொண்டு வந்தேன்.

"பாஸ்போர்ட் இருக்காம்மா?"

"ம்."

"இருக்கா?"

"ம்."

ஐந்தாவது தரம் கேட்டபோது அவள் பதில் சொல்லவில்லை. நான் வண்டியின் வேகத்தைக் குறைத்தேன். பின்னால் ஜிப்பைத் திறக்கிற சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து, மூடுகிற சத்தம்.